கடைக்காரரைக் கேளு, கம்பெனியைக் கேளு

நெல்லை மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் எங்க ஆச்சி நாற்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினாள். மடியில் தட்டு, தட்டில் தூள், பக்கத்தில் ஈரச்சாக்கில் சுருட்டி வைத்த இலை, விரலில் நூல். சுற்றி முடித்ததைக் கட்டுக் கட்டாக அடுக்கி எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போவாள். கடை என்றதும் பீடி விற்கிற பெட்டிக்கடை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்க வேண்டாம். கம்பெனியிடமிருந்து இலையையும் தூளையும் வாங்கி வந்து பெண்களுக்கு நிறுத்துக் கொடுத்து, சுற்றின பீடியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஒப்பந்தக்காரரின் இடத்துக்குத்தான் எங்க ஊரில் கடை என்று பெயர். அங்கே ஒருவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்து, கொஞ்சத்தைச் சரியில்லை என்று ஒதுக்கிப்போடுவார். ஒதுக்கினதுக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதவில்லை என்றால் குறைகிறதைச் சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டியதுதான். ஆச்சி ஒருநாள் கேட்டிருக்கிறாள். "கம்பெனிக்காரன் தாரதத்தான் தாரேன், அங்க போய்க் கேளு" என்றார் கடைக்காரர். கம்பெனி ஆபீஸ் வரைக்கும் போய்க் கேட்டால் "ஒனக்கு இலை தந்தது யாரு, அவரப் போய்க் கேளும்மா" என்றார்கள்.

கம்பெனிகள் மனித உரிமைகளை மதிக்க வேண்டும், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் செய்ய வேண்டும் என்று இப்போது நாட்டுக்கு நாடு சட்டம் போடுகிறார்கள், பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். படித்தால் தலை சுற்றும் அளவுக்குச் சுருக்கப் பெயர்களும் பிரிவு எண்களும். ஆனால் அதன் அடியில் இருப்பது ஆச்சியைக் கடைக்கும் கம்பெனிக்கும் இடையே நடக்கவிட்ட அதே கேள்விதான்: வேலை நடப்பது ஓரிடம், லாபம் சேர்வது வேறிடம், நடுவில் நாலு கை மாறுகிறது, தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை, பள்ளிக்கூடத்தில் ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டி, மேலே பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். இதைச் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு, என்கிறோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல காரியம்தான், நானே அந்த நிழற்குடையில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்த பொறுப்பு அது கிடையாது. சி.எஸ்.ஆர். லாபத்தை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்கிறது. இந்தப் புதுச் சட்டங்கள் அந்த லாபம் எப்படி வந்தது என்று கேட்கின்றன. ஆற்றில் சாயத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் மரம் நட்டால் முதல் கணக்கு நேராகிவிடும், இரண்டாவது ஆகாது.

சரி, லாபம் எப்படி வந்தது என்று கம்பெனி தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்ளும்? இதற்குத்தான் ட்யூ டிலிஜென்ஸ் என்கிறார்கள். உரிய கவனம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பெயர்தான் புதுசு, நமக்குப் பழக்கமில்லாத காரியம் இல்லை. பாளையங்கோட்டையில் அஞ்சு சென்ட் மனை வாங்கப் போகிறோம் என்றால் என்ன செய்வோம்? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், மூலப்பத்திரம் கேட்போம், பட்டா யார் பேரில் என்று பார்ப்போம், பக்கத்து மனைக்காரரிடம் நைசாகப் பேச்சுக் கொடுப்போம், நேரில் போய் அளந்தும் பார்ப்போம். வாங்கின பிறகு "எனக்குத் தெரியாதே" என்று அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது தெரியும். கம்பெனியும் தன் சரக்கு வருகிற வழி முழுக்க அப்படி வில்லங்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஒரே ஒரு வித்தியாசம், அது பெரிய வித்தியாசம். மனைக்கு வில்லங்கம் பார்ப்பது நம் காசு போய்விடக் கூடாது என்பதற்காக. இங்கே கம்பெனி பார்க்க வேண்டியது தன்னால் அடுத்தவனுக்கு வருகிற வில்லங்கத்தை. இதை மறந்துவிட்டுத் தன் பெயர் கெடுமா, வழக்கு வருமா என்று மட்டும் பார்க்கிற கம்பெனிகள்தான் அதிகம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு உருவம் வந்தது 2011 ஜூன் மாதத்தில். ஜான் ரக்கி என்ற பேராசிரியர் பல வருஷம் அலைந்து எழுதிய 31 நெறிகளை ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்றுக்கொண்டது. சாரம் இதுதான்: மக்களின் உரிமையைக் காப்பாற்றுவது அரசின் கடமை, அதை மதித்து நடப்பது கம்பெனியின் பொறுப்பு, இதில் எது தவறினாலும் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வழி இருக்க வேண்டும். அரசு தூங்கினால் கம்பெனியும் தூங்கலாம் என்பது இல்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, கம்பெனிக்கும் கேட்டுக்குமான தொடர்பை அவர்கள் மூன்று விதமாகப் பிரித்தது. ஆச்சியின் தட்டை வைத்தே சொல்கிறேன். கம்பெனியே இலையை எடை குறைத்து அனுப்பினால் கெடுதலை உண்டாக்கியது அதுதான், நேரடியாக. எடையெல்லாம் சரி, ஆனால் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாத கமிஷனைக் கொடுத்து, நாளைக்கே இத்தனை லட்சம் பீடி வேண்டும் என்று நெருக்கி, அவர் அதைப் பெண்கள் தலையில் இறக்கினால், கெடுதலுக்குக் கம்பெனியும் கை கொடுத்திருக்கிறது. இரண்டும் இல்லை, கடைக்காரர் தன் பேராசையில் ஒதுக்கிப்போடுகிறார் என்றாலும், அந்தப் பீடி கம்பெனி லேபிளோடுதானே விற்கிறது? அப்போதும் தொடர்பு உண்டு, தன் செல்வாக்கை வைத்து அதை நிறுத்தப் பார்க்க வேண்டும். மூன்றிலும் பொறுப்பின் அளவு வேறு, ஆனால் எதிலும் "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்பது கிடையாது.

ஆனால் இது வெறும் நெறி. மீறினால் கேட்க ஆள் இல்லை. சட்டமாக மாறுவதற்கு, வழக்கம்போல, பிணம் விழ வேண்டியிருந்தது. 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் துணி தைக்கிற பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டார்கள், மேலே இருந்த ஆலைகள் மட்டும் ஆட்களை உள்ளே வரச் சொன்னன. இடிபாட்டில் கிடைத்த சட்டைகளில் ஐரோப்பா, அமெரிக்காவின் பெரிய பெரிய லேபிள்கள். அங்கேதான் நாங்கள் தைக்கக் கொடுத்திருந்தோம் என்பதே தெரியாது என்று சில கம்பெனிகள் சொன்னன. பொய் என்று ஒதுக்கிவிட முடியாது, உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதியாக இருந்தது.

பிரான்ஸ் 2017 மார்ச்சில் சட்டம் போட்டது. நாட்டுக்குள் 5,000 பேர் அல்லது உலகம் முழுக்க 10,000 பேர் வேலை பார்க்கிற கம்பெனி, தன் கிளைக் கம்பெனிகளிலும் சரக்குக் கொடுப்பவர்களிடமும் என்னென்ன ஆபத்து இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறோம் என்று திட்டம் எழுதி வெளியிட வேண்டும். எழுதினால் போதாது, நடத்தியும் காட்ட வேண்டும். 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அந்த நாட்டுத் தபால் நிறுவனத்தையே பிடித்து, உன் திட்டம் பொத்தாம்பொதுவாக இருக்கிறது, ஆபத்துகளை வரிசைப்படுத்தி ஒழுங்காக எழுது என்றது. வழக்குப் போட்டது ஒரு தொழிற்சங்கம், விவகாரம் துணை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்த ஆட்களைப் பற்றியது. பாரிஸிலும் கடைக்காரர் கதைதான்!

ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3,000 பேர் உள்ள கம்பெனிகளுக்கு, அடுத்த வருஷம் 1,000 பேர் உள்ளவற்றுக்கும். மீறினால் பெரிய கம்பெனிகளுக்கு ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் வரைகூட அபராதம். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் மொத்தமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2024 ஜூலை 25 முதல் அமல், ஆனால் கம்பெனிகள் கடைப்பிடிக்க வேண்டிய தேதி அதற்குப் பிறகுதான். 1,000 ஊழியர், 45 கோடி யூரோ விற்றுமுதல் என்பது முதலில் போட்ட எல்லை. அப்புறம் கம்பெனிகள் பாரம் தாங்கவில்லை என்று முனக, 2025 ஏப்ரலில் தேதியைத் தள்ளினார்கள். டிசம்பரில் எல்லையையே 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று உயர்த்திக்கொள்ள உடன்பாடு கண்டார்கள், நடைமுறை 2029 ஜூலையில்தான். யானைக்கு மட்டும் வேலி என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் வேலி என்று ஒன்று இருக்கிறதே என்பதும் உண்மை.

ஜெர்மனிச் சட்டம் திருநெல்வேலிக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். நேராக வராது, ஆர்டரோடு வரும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் செய்கிறார்கள், சோலார் பேனல் செய்கிறார்கள். கொங்குப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் நம் கிராமத்துப் பிள்ளைகள் போகிறார்கள். வெளிநாட்டில் வாங்குகிறவன் ஒப்பந்தத்தோடு ஒரு கேள்வித்தாளும் அனுப்புவான்: ஓவர்டைம் எத்தனை மணி, கழிவுநீர் எங்கே போகிறது, புகார் சொல்ல வழி உண்டா. அதோடு ஆடிட் வேறு.

இந்த ஆடிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகள் ஒரு தையல் ஆலையில் மூணு வருஷம் இருந்தாள். ஆடிட் வருகிற அன்றைக்கு எப்போதும் பூட்டிக் கிடக்கிற முதலுதவிப் பெட்டி திறந்திருக்கும், முகக்கவசம் கிடைக்கும், கழிப்பறையில் சோப்பு இருக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் பாடம் நடக்கும். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் மாப்பிள வீட்டுக்காரங்க வார மாதிரி இருக்கும்ணே" என்றாள். கேள்வித்தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக், ஆலையில் ஒன்றும் மாறவில்லை. இதில் வாங்குகிற கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஒரு கையில் ஒழுக்க விதிப் புத்தகம், இன்னொரு கையில் சட்டைக்கு அஞ்சு ரூபாய் குறைத்துக்கொடு என்ற கோரிக்கை. இரண்டையும் ஒரே மெயிலில் அனுப்பினால் ஆலைக்காரர் எதைக் கேட்பார்?

நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியதும் இப்படித்தான். கல்யாண வயதுப் பெண்களை மூணு வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், நகைக்கு ஆகும் என்று சொல்லித் தென்மாவட்டக் கிராமங்களில் தரகர்கள் ஆள் சேர்த்தார்கள். நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை போச்சு. 2011இல் ஐரோப்பியத் தன்னார்வ அமைப்புகள் இதை அறிக்கையாகப் போட்ட பிறகுதான், அந்த நூல் தங்கள் சட்டைக்குள் வந்து சேர்கிறது என்று பெரிய பிராண்டுகள் விழித்துக்கொண்டன.

ஆடிட்டை விட உருப்படியான ஒன்று திண்டுக்கல்லில் நடந்தது. அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார், குற்றம் சாட்டப்பட்டவர் அங்கேயே மேற்பார்வையாளர். அதற்குப் பிறகு பெண்கள் முன்னின்று நடத்துகிற ஒரு தொழிற்சங்கமும் ஆலை உரிமையாளரும் வெளிநாட்டு ஆடை நிறுவனமான ஹெச் அண்ட் எம்மும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற தொழிலாளிகள் பாலியல் தொல்லையைக் கவனித்துப் புகார் செய்வார்கள், ஆலை சரிசெய்யாவிட்டால் வாங்குகிறவன் வியாபாரத்தை வைத்தே அதன் மேல் அழுத்தம் கொடுக்க வேண்டும், இதெல்லாம் எழுத்தில் கட்டுப்படுத்தும். வெளியிலிருந்து வருஷத்துக்கு ஒருநாள் வருகிற ஆடிட்டருக்கும், பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கட்டிப்போடுகிற ஒரே சட்டம் இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. இதில் நம்மவர்களுக்கே தெரியாத ஒரு பெருமை உண்டு. ஐரோப்பாக்காரன் 2017இல் கண்டுபிடித்ததை நாம் 1966லேயே பீடித் தொழிலாளர் சட்டத்தில் எழுதிவைத்தோம். இலை வாங்கி வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான், ஒப்பந்தக்காரர் நடுவில் இருந்தாலும் யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே முதன்மை வேலையளிப்பவர் என்றது அந்தச் சட்டம். கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன, 1974இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. இந்தப் பழைய சட்டங்களை எல்லாம் நாலு தொகுப்புகளாகச் சுருட்டி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் நீதிமன்றங்கள்தான் வழி போட்டன. போபாலுக்கு மறுவருஷம் டெல்லியில் ஒரு ஆலையில் அமில வாயு கசிந்த வழக்கில், 1986இல், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, கேடு வந்தால் முழுப் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய 1996 வேலூர் வழக்கில், கெடுத்தவரே காசு கொடுத்துச் சீர்செய்ய வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முன்னாலேயே தடுக்க வேண்டும் என்பதெல்லாம் நம் சட்டத்தில் சேர்ந்தது. கம்பெனிகள் சட்டம் பிரிவு 166, இயக்குநர்கள் பங்குதாரருக்கு மட்டும் அல்லாமல் ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் எல்லோருடைய நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டி யார் வழக்குப் போடுவது என்பதுதான் தெளிவில்லை, அழகான வாக்கியமாக உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் ஆள் வைத்துத் தப்பிப்பதற்கு 2024 டிசம்பர் நல்ல உதாரணம். சுத்தமல்லி, கோடகநல்லூர் சுற்றுவட்டாரத்தில் காலை எழுந்து பார்த்தால் குளத்தங்கரையிலும் தோட்டத்திலும் ஊசி, குளுக்கோஸ் பாட்டில், நோயாளிகளின் பேர் போட்ட சீட்டு. எல்லாம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு. கழிவை அகற்றக் கொடுத்த ஒப்பந்தம் கை மாறி லாரியேறி மலை தாண்டி வந்திருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சரக்கு வருகிற வழிக்கு மட்டும் இல்லை, கழிவு போகிற வழிக்கும் பொறுப்பு உண்டு என்று பாடப் புத்தகத்தில் எழுதுவதை எங்க மாவட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கற்றுக்கொண்டது.

தாய்க் கம்பெனியை அதன் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே பிடித்த கதையும் நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டம்தான். அங்கே ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த 2018 மே 22 ஊர்வலத்தையொட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்ததும், அரசு ஆலையை மூடியதும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளியதும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெர்லைட்டை நடத்திய அதே வேதாந்தா குழுமத்தின் சுரங்கம் ஆப்பிரிக்காவில் சாம்பியாவில் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று 1,826 கிராமத்துக்காரர்கள் லண்டனில் தாய்க் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டார்கள். அது தனிக் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற வாதம் எடுபடவில்லை, லண்டனிலேயே விசாரிக்கலாம் என்று 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் வேடிக்கை, எங்கள் குழுமம் முழுக்கச் சுற்றுச்சூழல் தரத்தை நாங்களே மேற்பார்வை செய்கிறோம் என்று வழவழ தாளில் அச்சடித்த அவர்களுடைய அறிக்கையே அவர்களுக்கு எதிராக நின்றது. பிறகு 2021இல், பொறுப்பை ஒத்துக்கொள்ளாமலே, சமாதானமாகப் போனார்கள்.

சட்டப்படி எல்லாம் சரி என்றால் போதுமா என்பது தனிக் கேள்வி. தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது, 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடி. அனுமதி உண்டு, உபரி நீர்தான் என்பது அரசுத் தரப்பு. ஆனால் வாய்க்கால் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கிறவரிடம் போய் உபரி என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக் கதை இன்னும் கடினம். சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு கம்பெனி 1929இல் எடுத்த 99 வருஷக் குத்தகை, முடிவது 2028. நாலு தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்கு 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலை நின்றது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையும் உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதும் நியாயம், அதை மறுக்க எனக்கு மனசு இல்லை. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் ஆற்றில் 17 உயிர் போனதை மறக்கவும் முடியவில்லை. தொழிலை விட்டுக் கிளம்பும்போதும் அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது இந்தப் புதுச் சிந்தனையில் ஒரு பகுதி. கட்ட வேண்டிய தொகையைக் கட்டிவிட்டோம் என்பதோடு அது முடிகிறதா? என்னிடம் நேரான பதில் இல்லை.

நீங்களே ஒரு கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வழி இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற தொழில் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும், பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் உத்தரவு. ஆண்டறிக்கையின் பின்பக்கம் இருக்கும், இணையத்தில் இலவசம். ஒன்பது கொள்கைகளில் ஐந்தாவது மனித உரிமை. அங்கே ஒரு அட்டவணை: பாலியல் தொல்லை, குழந்தைத் தொழிலாளர், கட்டாய வேலை, கூலி என்று தலைப்பு வாரியாக எத்தனை புகார் வந்தது என்று. சரக்குக் கொடுப்பவர்களில் எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்ற கேள்வியும் இருக்கிறது, ஆனால் அது விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற பகுதியில். ஆச்சியின் கடைக்காரர் வர வேண்டிய இடம் அதுதான், அங்கேதான் விருப்பம்!

நான் போன வாரம் ஒன்றை எடுத்துப் படித்தேன். பல ஆயிரம் ஆட்கள் வேலை பார்க்கிற கம்பெனி, கூலி பற்றிய புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம், கட்டாய வேலை பூஜ்யம், மற்றவை பூஜ்யம். ஆச்சி இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பேன். "கேட்டாத்தானல சொல்லுவோம்" என்றிருப்பாள்.